காசநோய்க்குக் காரணம் கிருமியா, பீடியா, பசியா? – 'காரணம்' என்ற சொல்லைப் பற்றி ஓர் எளிய விளக்கம்

இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் சாவுக்குப் புகைப்பழக்கம் ஒரு காரணம். சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கை வைத்து, 2003ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த முடிவு இது. இதை யாரிடம் சொன்னாலும் இரண்டு பதில்களில் ஒன்று வந்துவிடும்.

"டிபி கிருமியால வர்றதுதானே? பள்ளிக்கூடத்துலயே படிச்சோமே. இதுல பீடி எங்கேர்ந்து வந்துச்சு?"

"எங்க தாத்தா ஒரு நாளைக்கு ரெண்டு கட்டு பீடி குடிச்சாரு. எண்பத்திரண்டு வயசுல, அதுவும் திண்ணையிலேர்ந்து விழுந்துதான் போய்ச் சேர்ந்தாரு."

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. லான்செட்டில் வந்ததும் உண்மை. மூன்றும் ஒன்றோடொன்று முட்டுவதுபோலத் தோன்றுவதற்கு, 'காரணம்' என்ற ஒரே சொல்லை மூன்று பேரும் மூன்று பொருளில் பிடித்துக்கொண்டிருப்பதே காரணம். (பாருங்கள், இந்த வாக்கியத்தில் நானும் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டேன்.)

## மார்கழியில் உறையாத பால்

சமையலறையிலிருந்து தொடங்குவோம். பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, ஒரு கரண்டி உறைமோர் ஊற்றி மூடி வைக்கிறோம். சித்திரையில் நாலைந்து மணி நேரத்தில் தயிர் கட்டியாகிவிடும். மார்கழியில் அதே பால், அதே மோர், அதே கரண்டி. காலையில் திறந்தால் பால் பாலாகவே கிடக்கும். அதனால்தான் பாட்டி குளிர்காலத்தில் பாத்திரத்தைத் துணி சுற்றி அரிசிப் பானைக்குள் வைப்பாள்.

தயிர் உறைந்ததற்குக் காரணம் மோரா, கதகதப்பா?

மோர் இல்லாமல் தயிர் இல்லை. இப்படி, இல்லாவிட்டால் காரியமே நடக்காத ஒன்றை இன்றியமையாத காரணம் என்பார்கள். ஆனால் மோர் மட்டும் இருந்தால் போதாது என்பதை மார்கழி காட்டிக்கொடுத்துவிடுகிறது. தான் ஒன்று மட்டும் இருந்தாலே காரியத்தை முடித்துவிடுவது போதுமான காரணம். நோய்கள் விஷயத்தில் போதுமான காரணம் என்று தனியாக ஒன்று கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் பல சேர்ந்துதான் ஒரு போதுமான கூட்டு உருவாகிறது.

பள்ளிப் பாடத்தில் நாம் படித்தது மோரைப் பற்றி மட்டும்.

## கிருமி உள்ளே வந்த பிறகு

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் என்ற மருத்துவர், காசநோயை உண்டாக்கும் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். அதுவரை சயரோகம் பரம்பரையாக வருவது என்றும், காற்றின் குற்றம் என்றும், மனக்கவலையின் விளைவு என்றும் பலரும் பலவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோக்கின் கண்டுபிடிப்பு அந்தப் பேச்சுகளை ஓரங்கட்டியது. நியாயம்தான். கூடவே இன்னொன்றும் நடந்தது: கிருமியைக் கண்டதும், அதுதான் மொத்தக் கதையும் என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள்.

ஆனால் கணக்கு வேறு சொல்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி எப்போதோ நுழைந்திருக்கிறது என்பது மதிப்பீடு. அவர்களில் வாழ்நாளில் எப்போதாவது காசநோயாளி ஆகிறவர்கள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர். மீதி 90 பேர் கிருமியைச் சுமந்துகொண்டே கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்து, வேறு ஏதோ ஒன்றில் கண்ணை மூடுகிறார்கள்.

அந்த 90 பேர் உடம்பில் நடப்பது இதுதான். இருமுகிறவரின் வாயிலிருந்து வந்த நுண்துளி வழியே கிருமி நுரையீரலின் அடிவரை போய்விடுகிறது. அங்கே காவலுக்கு நிற்கும் விழுங்கணுக்கள் அதை விழுங்குகின்றன. சாதாரணக் கிருமி அதோடு செத்துவிடும். காசநோய்க் கிருமியின் தோல் மெழுகு பூசியதுபோல் கெட்டி; விழுங்கியவரின் வயிற்றுக்குள்ளேயே உயிரோடு உட்கார்ந்துகொள்ளும். உடனே மற்ற அணுக்கள் வந்து அந்த இடத்தைச் சுற்றி வளைத்து மதில்போல் நிற்கின்றன. ஊருக்குள் புகுந்த திருடனைப் பிடிக்க முடியாமல், அவன் ஒளிந்த வீட்டைச் சுற்றி ஆள் போட்டு இரவு பகலாகக் காவல் காப்பதுபோல. திருடன் சாகவில்லை. வெளியேயும் வர முடியவில்லை. இந்த நிலைக்கு மறைதொற்று என்று பெயர். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, அடுத்தவருக்குப் பரவுவதும் இல்லை.

காவல் தளரும்போதுதான் நோய். எச்ஐவி தொற்று அந்தக் காவலரையே கொல்கிறது. சர்க்கரை நோய் இருப்பவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. அளவுக்கு மீறிய குடியும் ஏறத்தாழ அதே அளவு கூட்டுகிறது. புகை, மூச்சுக்குழாயில் தூசியை வெளியே தள்ளும் மெல்லிய மயிரிழைகளை முடக்குகிறது, விழுங்கணுக்களை மந்தமாக்குகிறது. பசி? காவலர்களுக்குச் சோறே போகவில்லை என்றால் மதில் எத்தனை நாள் நிற்கும்?

நம் முன்னோர் இதற்கு வைத்த பெயர் எலும்புருக்கி நோய். நோய் வந்தால் உடம்பு உருகும் என்பதைத்தான் அவர்கள் பார்த்துப் பெயர் வைத்தார்கள். உருகிய உடம்புக்கு நோய் சீக்கிரம் வரும் என்பது அதன் மறுபக்கம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கிருமி இல்லாமல் காசநோய் இல்லை. கிருமி மட்டும் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்குக் காசநோய் வருவதும் இல்லை. 'கிருமியால் வருகிறது' என்பதும் 'பீடியால் வருகிறது' என்பதும் எதிர் எதிர் விடைகள் அல்ல.

## செத்தவர் வீட்டில் கேட்ட கேள்விகள்

சரி, பீடிக்கு இதில் பங்கு உண்டு என்று எப்படித் தெரியும்? நுண்ணோக்கியில் பீடி தெரியாது. எண்ணித்தான் பார்க்க வேண்டும்.

முதல் சிக்கல், யார் எதில் செத்தார் என்பதே நம்மூரில் சரியாகப் பதிவாவதில்லை. பல சாவுகள் வீட்டில் நடக்கின்றன. சான்றிதழில் 'இதயம் நின்றது' என்று எழுதியிருக்கும். எல்லாருக்கும் கடைசியில் அதுதானே நிற்கிறது. ஆகவே 1990களின் பிற்பகுதியில் இறந்தவர்களின் வீடுகளுக்கு, மருத்துவம் படிக்காத, ஆனால் இதற்கென்றே பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் போனார்கள். சென்னையிலும் விழுப்புரத்திலுமாக ஏறத்தாழ 80,000 சாவுகள். எத்தனை நாள் இருமல் இருந்தது, சளியில் ரத்தம் வந்ததா, உடம்பு இளைத்ததா, மாலையில் காய்ச்சல் அடித்ததா என்று வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். அதை மருத்துவர்கள் படித்து, எதனால் செத்திருப்பார் என்று தீர்மானித்தார்கள். இந்த முறைக்கு வாய்மொழிப் பிணக்கூராய்வு என்று பெயர். கத்தி இல்லை, உடலும் இல்லை, பேச்சு மட்டும். கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணிடம் போய் உட்கார்ந்து, அவர் எப்படி இருமினார் என்று விசாரிப்பது எளிதான வேலை இல்லை. இந்த ஆராய்ச்சியின் அடித்தளம் அந்தத் திண்ணைப் பேச்சுகள்தான்.

இரண்டாவது சிக்கல், ஒப்பிட ஆள் வேண்டும். 'டிபியில் செத்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் பீடி குடித்தவர்கள்' என்று ஒருவர் சொன்னால் அதிலிருந்து ஒன்றும் தெரியாது. அந்த ஊரில் எல்லா ஆண்களிலுமே பத்துக்கு ஆறு பேர் பீடி குடிக்கிறார்கள் என்றால்? செத்தவர்களின் பழக்கத்தை உயிரோடு இருப்பவர்களின் பழக்கத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். லான்செட் ஆய்வில் இறந்த ஆண்கள் 43,000 பேர். ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட ஆண்கள் 35,000 பேர். இப்படி, நோய் கண்டவர்களையும் காணாதவர்களையும் எதிரெதிரே நிறுத்தி 'முன்பு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்' என்று பின்னோக்கிக் கேட்பதற்கு நோயர்–ஒப்பர் ஆய்வு என்று பெயர்.

மூன்றாவது சிக்கல்தான் நுட்பமானது. ஐப்பசியில் குடை விற்பனை கூடுகிறது. ஐப்பசியில் சளிக்காய்ச்சலும் கூடுகிறது. குடையைத் தடை செய்தால் காய்ச்சல் நிற்குமா? இரண்டுக்கும் பின்னால் மழை நிற்கிறது. அதேபோல, பீடி குடிப்பவர்களில் ஏழைகள் அதிகம். காசநோய் வருபவர்களிலும் ஏழைகள் அதிகம். அப்படியானால் பீடி வெறும் குடையாக இருக்கலாமே, வறுமை மழையாக இருக்கலாமே? இப்படி இரண்டுக்கும் பின்னால் நின்று நம்மை ஏமாற்றுவதைக் குழப்பும் காரணி என்பார்கள்.

இதை அவிழ்க்க வழி, சமமானவர்களைச் சமமானவர்களோடு ஒப்பிடுவது. எழுதப் படிக்கத் தெரியாத ஐம்பது வயது பீடிக்காரரை, எழுதப் படிக்கத் தெரியாத ஐம்பது வயது பீடி குடிக்காதவரோடு. பட்டதாரியைப் பட்டதாரியோடு. அந்த ஆய்வில் வயதையும் படிப்பையும் இப்படிக் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் கரையவில்லை. சென்னையில், புகைத்தவர்கள் காசநோயால் இறந்த வீதம் புகைக்காதவர்களைப்போல் நாலரை மடங்கு.

## நாலரை மடங்கு எப்படிப் 'பாதி' ஆனது

இங்கேதான் பலருக்கு நூல் அறுந்துபோகும். ஒரு கற்பனை ஊரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். நாலரை மடங்கு என்பது மட்டும் ஆய்வில் வந்தது. மற்ற எண்கள் கணக்கு எளிதாக வர நான் வைத்தவை.

ஊரில் 20,000 ஆண்கள். புகைக்காதவர்கள் 14,000, புகைப்பவர்கள் 6,000. சில வருடங்களில் புகைக்காதவர்களில் ஆயிரத்துக்கு ஒருவர் காசநோயால் இறக்கிறார். ஆக 14 பேர். புகைப்பவர்களில் அதுபோல் நாலரை மடங்கு, அதாவது ஆயிரத்துக்கு 4.5, ஆக 27 பேர். மொத்தம் 41 சாவு.

இப்போது அந்த ஊரில் யாருமே புகைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த 6,000 பேரிலும் ஆயிரத்துக்கு ஒருவர்தான் இறந்திருப்பார், 6 பேர். 27 இல் 6 போக 21. இந்த 21 சாவுகள் புகையோடு வந்தவை. 41 இல் 21 என்பது பாதியைவிடக் கொஞ்சம் கூட. 'சாவுகளில் பாதிக்குப் புகை காரணம்' என்ற வாக்கியத்தின் முழுப் பொருளும் இதுதான்: புகை இல்லாதிருந்தால் இத்தனை சாவு நடந்திருக்காது. இதற்கு காரணப் பங்கு என்று பெயர்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். செத்த 27 பீடிக்காரர்களில் 6 பேர் எப்படியும் செத்திருப்பார்கள் என்றோம். யார் அந்த 6 பேர்? எவராலும் சொல்ல முடியாது. ஒரு குறிப்பிட்ட வீட்டு வாசலில் நின்று 'உங்க வீட்டுக்காரர் பீடியாலதான் போனார்' என்று சொல்லும் உரிமை இந்தக் கணக்குக்கு இல்லை. இது ஊரைப் பற்றிய விடை. ஒரு ஆளைப் பற்றிய கேள்விக்கு அதைக் கொண்டுபோய்ப் பூட்டும்போதுதான் எல்லாக் குழப்பமும் வருகிறது.

## கயிறு எத்தனை சதவீதம்?

இன்னொரு விநோதம். பீடியின் பங்கு பாதி. போதிய உணவின்மையின் பங்கையும், சர்க்கரை நோயின் பங்கையும், குடியின் பங்கையும், நெரிசலான வீட்டின் பங்கையும் தனித்தனியே இதே முறையில் போட்டால் கூட்டுத்தொகை 100ஐத் தாண்டிப் போகலாம். முதல் தடவை பார்க்கிறவர்கள் 'கணக்கே தப்பு' என்பார்கள்.

கிணற்றில் தண்ணீர் இறைக்கிறோம். வாளி, கயிறு, ராட்டினம், இழுக்கும் கை. தண்ணீர் மேலே வந்ததில் கயிற்றின் பங்கு எவ்வளவு? கயிறு இல்லாவிட்டால் தண்ணீரே இல்லை. ஆகவே 100 சதவீதம். வாளியின் பங்கு? அதுவும் 100. கூட்டினால் 200. தப்பு ஒன்றும் இல்லை. பங்கு என்ற சொல் நமக்குச் சொத்துப் பிரிப்பதை நினைவூட்டுவதால் வரும் மயக்கம் அது. அண்ணனுக்குக் கூடப் போனால் தம்பிக்குக் குறையும். காரணங்கள் அப்படிப் பாகம் பிரித்துக்கொள்வதில்லை. ஒரே சாவின் பின்னால் பீடியும் பசியும் கைகோத்து நிற்கலாம். எதை எடுத்திருந்தாலும் அந்த ஆள் பிழைத்திருப்பார்.

இது நல்ல சேதி. நோயை நிறுத்த எல்லாக் காரணங்களையும் ஒழிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. கயிற்றை அறுத்தாலும் போதும், வாளியை எடுத்தாலும் போதும்.

சுருக்கமாக: காரணப் பங்கு என்பது 'இது இல்லாதிருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும்' என்ற கேள்விக்கான விடை. பழியைப் பாகம் பிரிக்கும் பத்திரம் அல்ல.

## தாத்தாவுக்கு வருவோம்

நம் கற்பனை ஊரில் 6,000 பீடிக்காரர்களில் 27 பேர் காசநோயால் இறந்தார்கள். 5,973 பேர் இறக்கவில்லை. தாத்தா அந்த 5,973இல் ஒருவர், அவ்வளவுதான். 'நாலரை மடங்கு' என்பது இரண்டு கூட்டங்களை ஒப்பிடும் எண்; அதை ஒப்பீட்டு இடர் என்பார்கள். 'ஆயிரத்துக்கு நாலரை' என்பது ஒருவருக்கு நேரக்கூடிய வாய்ப்பின் அளவு. அது நேர் இடர். செய்தித்தாள்கள் மடங்கைப் பெரிய எழுத்தில் போடும், ஆயிரத்துக்கு எத்தனை என்பதை விட்டுவிடும். தாத்தாவின் பேரனோ ஆயிரத்துக்கு எத்தனை என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மடங்கை மறுப்பார்.

(காசநோய் மட்டும்தான் இந்தக் கணக்கில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய் எல்லாம் சேர்த்தால் அதே ஆய்வில் சென்னை நகரத்துப் புகைப்பவர்களின் சாவு வீதம் புகைக்காதவர்களைப்போல் இரண்டு மடங்கு.)

தாத்தா கதையில் இன்னொரு ஓட்டை இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. இதே பீடியைக் குடித்து நாற்பத்தைந்தில் போனவரைப் பற்றி 'எங்க தாத்தா' என்று யார் பேசுவார்? அவர் தாத்தா ஆகவே இல்லையே. எண்பதைத் தொட்ட பீடிக்காரர்களுக்குத்தான் சாட்சி சொல்லப் பேரன்கள் இருக்கிறார்கள்.

## 'விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?'

பீடி காரணம் என்று ஒப்புக்கொண்டவர்கள் அடுத்துச் சொல்வது இது. 'காரண'த்தைக் 'குற்ற'மாக மாற்றும் இடம். இங்கே அடிமைநிலை என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். பழக்கம் வேறு, அடிமைநிலை வேறு. மாலை நாலு மணிக்கு டீ குடிப்பது பழக்கம். ஒரு நாள் தவறினால் கொஞ்சம் எரிச்சல், அவ்வளவே. தீங்கு தெரிந்தும், விட வேண்டும் என்று மனதார நினைத்தும், மூளையின் அமைப்பே மாறிவிட்டதால் விட முடியாமல் தவிப்பது அடிமைநிலை.

இழுத்த புகையிலிருந்து நிகோடின் ரத்தத்தில் கலந்து மூளையைச் சேர 10 முதல் 20 விநாடிதான். ஊசியில் போட்டால்கூட இதைவிட வேகம் கிடையாது. மூளை அணுக்களின்மேல், உடம்பே சுரக்கும் ஒரு தூதுப் பொருளுக்கென்று பூட்டுகள் உண்டு. நிகோடின் அந்தப் பூட்டுக்குக் கள்ளச்சாவி. திறந்ததும் டோபமின் சுரக்கிறது. இதை 'இன்ப ரசாயனம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதைவிட, 'இதைக் குறித்து வைத்துக்கொள், மறுபடி செய்' என்று மூளைக்கு அடையாளம் போடும் பொருள் என்று புரிந்துகொள்வது உண்மைக்குக் கிட்டே. நாளாக ஆக மூளை பூட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் நிகோடின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். பூட்டுகள் வெறுமையாகின்றன, சிடுசிடுப்பு, கவனக்குறைவு, நிலைகொள்ளாமை. ஒரு பீடி பற்றவைத்தால் எல்லாம் அடங்கும். உடனே 'பீடி மனசை அமைதிப்படுத்துது' என்கிறார் அவர். காலைக் கடிக்கும் செருப்பைக் கழற்றினால் சுகம்தான். அந்தச் சுகத்துக்காகவே மறுபடி மாட்டிக்கொள்வதுபோல இது. இரவு முழுக்கப் பூட்டுகள் வெறுமையாக இருந்திருப்பதால், ஒருவருடைய பிடிமானத்தை அளக்க மருத்துவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி: 'தூங்கி எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் பீடி?' ஐந்து நிமிடத்துக்குள் என்றால் பிடி இறுகியிருக்கிறது.

ஆனால் மூளையோடும் கதை முடிவதில்லை. 1971இல் வியட்நாம் போரில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்ததாகத் தாங்களே சொன்னார்கள். அமெரிக்க அரசு நடுங்கிப்போனது. ஊர் திரும்பினால் தெருவெல்லாம் அடிமைகள் என்று. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார். அங்கே அடிமையாகியிருந்தவர்களில், திரும்பி வந்த முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு 5 பேர் மட்டும். சிகிச்சை பெற்றவர்கள் மிகக் குறைவு. பயமும் சலிப்பும் மலிவு விலையும் கூட்டாளிகளும் இருந்த இடத்தை விட்டு வந்ததே பெரும்பாலோருக்கு மருந்தாகியிருக்கிறது.

நம் பீடிக்காரரால் அப்படி இடம் மாற முடியாது. செங்கல் சூளையிலும் தறிக்கூடத்திலும் லாரியிலும் நாள் முழுக்க நிற்கிறவருக்கு, 'கொஞ்சம் உட்காருகிறேன்' என்றால் மேஸ்திரி முறைப்பார்; 'ஒரு பீடி குடிச்சிட்டு வர்றேன்' என்றால் விடுவார். அந்த ஐந்து நிமிட ஓய்வுக்கு நுழைவுச்சீட்டே பீடிதான். அதைப் பிடுங்குகிற பிரசங்கம் அவருக்கு எப்படிக் கேட்கும்? பீடிமீது சிகரெட் அளவுக்கு வரி போட எந்த அரசும் துணியாததற்கும், தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்தில் பீடி சுற்றிக் குடும்பம் நடத்தும் பெண்களைக் கைகாட்டுவது வழக்கம். அவர்களுக்கு ஆயிரம் பீடிக்கு என்ன கூலி கிடைக்கிறது என்பதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

## ஐந்து கிலோ அரிசி

கடைசியாக, தளர்ந்த காவலுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய காரணமாக இந்தியாவில் நிற்பது: பசி. பசி என்றால் பட்டினி என்று மட்டும் இல்லை. உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமை.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய்க்கென்று ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். அங்கே செய்த முதல் பெரிய பரிசோதனை உலகப் புகழ்பெற்றது. 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நல்ல உணவும் ஓய்வும் கிடைக்கும் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளுக்கென்றே இருந்த மருத்துவமனையில், வைத்தார்கள். மறுபாதிக்கு அவரவர் வீட்டிலேயே, அந்த நெரிசலிலேயே, அந்தக் கஞ்சியிலேயே வைத்து அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வந்தது: குணமானவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட இது வழி செய்தது. ஏழை நாடுகளுக்கு இது பெரிய விடுதலை. இருந்தாலும் இந்த முடிவை 'அப்படியானால் சாப்பாடு முக்கியமில்லை' என்று வாசிக்கும் ஆபத்து ஒன்று இதற்குள்ளேயே இருக்கிறது. ஆய்வு சொன்னது, வந்த நோய் குணமாவதைப் பற்றி. வராமல் இருப்பதைப் பற்றி அல்ல.

அந்த இரண்டாவது கேள்வியை நேரடியாகக் கேட்க அறுபது வருடம் ஆயிற்று. 2019இல் ஜார்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 'ரேஷன்ஸ்' என்ற ஆய்வு தொடங்கியது. சென்னை நிறுவனமும் அதில் கூட்டாளி. காசநோயாளிகள் 2,800 பேர். அவர்களோடு ஒரே கூரையின்கீழ் இருந்த குடும்பத்தார் 10,345 பேர். நோயாளிகள் எல்லாருக்கும் மாத்திரையோடு உணவுப் பை கொடுத்தார்கள். குடும்பத்தாரை மட்டும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கூடுதலாக எதுவும் இல்லை. மற்றப் பிரிவில் பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம்பருப்பு, சத்து மாத்திரை. 2023இல் முடிவு வந்தது. உணவு கிடைத்த பிரிவில் புதிதாகக் காசநோய் வந்தது 39 சதவீதம் குறைவு. சளியில் கிருமி தென்படும், பிறருக்குப் பரவும் வகை 48 சதவீதம் குறைவு. அரிசியும் பருப்பும் கிருமியைக் கொல்லவில்லை. காவலுக்குச் சோறு போட்டன.

நலச் சமநீதி என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதை இந்த ஆய்வை வைத்தே சொல்லிவிடலாம். எல்லாருக்கும் ஒரே மாத்திரை கொடுப்பது சமத்துவம். அது வேண்டும். ஆனால் ஒரே கிருமி இரண்டு வீடுகளில் நுழைந்து, ஒரு வீட்டில் உறங்கியே கிடக்க, மற்ற வீட்டில் மூன்று பேரைப் படுக்கவைக்கிறது என்றால், அந்த வித்தியாசம் மாத்திரைக்கு முன்பே உண்டாகிவிட்டது. தவிர்க்கக்கூடிய அந்த வித்தியாசத்தை, அது உண்டாகிற இடத்திலேயே போய்ச் சரிசெய்வது நலச் சமநீதி. ஒருவருக்கு மாத்திரை போதும். இன்னொருவர் வீட்டுக்கு மாத்திரையோடு அரிசியும் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. காசநோய் என்று தெரிந்ததும், அரசு மருத்துவ நிலையத்தில் பணியாளர்கள் சில எளிய அளவுகளை எடுக்கிறார்கள்: எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சின் வேகம், விரலில் மாட்டும் கருவியில் தெரியும் ஆக்சிஜன் அளவு, எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பது. ஆய்வகம் எதுவும் தேவையில்லை. எந்த அளவு எல்லை மீறியிருந்தாலும் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். ஏனென்றால் காசநோய்ச் சாவுகளில் பெரும்பகுதி, நோய் தெரிந்த முதல் இரண்டு மாதத்துக்குள் நடந்துவிடுகிறது. எடைக்கு அவர்கள் வைத்திருக்கும் எல்லை, உடல் நிறை எண் (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 14. ஐந்தடி மூன்று அங்குல உயரமுள்ள ஓர் ஆணுக்கு அது ஏறத்தாழ 36 கிலோ. அந்த எடையில் நடந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தான் அப்படி ஓர் எல்லையை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.